பிரிக்காத கட்டு

வலது தோள் காலையிலேயே கழன்றுவிட்டது.

கை மட்டும் தொட்டிக்குள் போய்ப் போய் வந்தது. டம்ளரை எடுப்பது, நாரை உள்ளே விட்டுத் திருகுவது, அலசுவது, கவிழ்ப்பது. தோள் எங்கோ தனியாகக் கிடந்து எரிந்தது.

கல்லூரி கேன்டீனின் பின்பக்கம். அவள் உட்கார்ந்திருந்த பலகைக்கு மேலே கூரை கிடையாது. வெயில் நேராக உச்சியில் விழுந்தது.

எவர்சில்வர் டம்ளர்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. காலையில் கழுவி அனுப்பியவைதான். அதற்குள் டீக்கறையோடு திரும்பிவிட்டன.

இன்றைக்கு ஆண்டு விழா. யாரோ பெரிய மனிதர் வந்திருந்தார். விழா முடிந்ததும் மொத்தக் கூட்டமும் டீக்கு வரும்.

கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதலாளி கதவில் வந்து நின்றார். கக்கத்தில் காகிதக் கப் கட்டு ஒன்று.

"கூட்டம் வரும்போது டம்ளர் இல்லன்னா இதப் பிரிச்சிருவேன். இன்னைக்குப் பிரிச்சா நாளைக்கும் இதுதான். பெறவு ஒரு பயலும் வந்து என்கிட்ட நியாயம் பேசப்பிடாது."

கட்டை அவள் கண்ணில் படும்படி சன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

பிரித்தால் அவளுக்கு நல்லதுதான். தோள் பிழைக்கும்.

போன வருஷம் வரை அந்தக் கப்புகளை எரித்தவளும் அவள்தான். சாயங்காலம் ஆனால் எல்லாவற்றையும் குழிக்குள் தள்ளித் தீ வைப்பாள். கறுப்புப் புகை எழும்பித் தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். ராத்திரி படுத்தால் இருமல் எழுப்பி உட்காரவைக்கும்.

அப்போதுதான் கப் வேண்டாம், டம்ளர் வேண்டும் என்று கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வந்தார்கள்.

கோஷம் போடவில்லை. காற்று புகையை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ, அந்தப் பக்கமாகப் பார்த்துக் குழியோரம் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். கண்ணில் தண்ணீர் வடிய வடியப் படித்தார்கள். தள்ளி உட்காருங்களேன் என்று அவளே கத்தியிருக்கிறாள்.

"நீங்க தெனமும் நிக்கிற எடம்தானேக்கா" என்றாள் ஒருத்தி.

இசக்கியம்மாள் என்று பேர்.

பரீட்சை நாளிலும் வந்தார்கள். பெற்றவர்களை வரவழைத்துக் கல்லூரி மிரட்டிப் பார்த்தது. வந்த அப்பாக்களில் ஒருவர் கொஞ்ச நேரம் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை விரித்து, மகள் பக்கத்தில் தானும் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் கல்லூரி இறங்கி வந்தது. கப் போனது. டம்ளர் வந்தது.

கழுவ ஆள் வரவில்லை.

அதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. இருந்த ஒருத்தியே மொத்தத்தையும் கழுவினாள். அந்தப் பிள்ளைகளை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே கழுவினாள்.

இருமல் நின்றுபோனதை யாரிடமும் சொல்லவில்லை.

தொட்டியில் நிழல் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். இசக்கியம்மாள். விழாவுக்குக் கட்டிய புதுச்சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ. டம்ளர் தயாரா என்று பார்க்க வந்தவள் போலிருந்தது. குவியலைப் பார்த்தாள். வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் இடது கையைப் பார்த்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள், இன்னொரு ஆள் எங்கே என்பதுபோல.

"டம்ளரக் கேட்டோம். கழுவ ஆளக் கேக்க மறந்துட்டோமேக்கா."

சேர்த்துவைத்திருந்த வசவெல்லாம் அவள் வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அந்தப் பெண் சேலையைத் தூக்கிச் செருகி, எதிரே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பெண் முதலில் கழுவியவையெல்லாம் அடியில் கறையோடு வந்தன. அவள் திருப்பித் தொட்டிக்குள் போட்டாள். பெண் எடுத்து மறுபடி தேய்த்தாள். பிறகு கை பழகிவிட்டது.

மண்டபத்தின் ஒலிபெருக்கி கரகரத்தது.

காகிதக் கப் இல்லாத வளாகமாக நம் கல்லூரியை மாற்றிய மாணவர் குழுவின் சார்பில் விருது பெற, மூன்றாம் ஆண்டு விலங்கியல், இசக்கியம்மாள்.

"ஏளா, ஒன்னத்தான் கூப்புடுதாவ."

பெண் நாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் அதே பேர்.

"போளா. பெரிய மனுசங்க காத்துக் கெடக்காவ."

"டீயும் காத்துக் கெடக்குக்கா."

ஒலிபெருக்கி வேறு பேருக்குப் போனது. பேச்சுப்போட்டியில் ஜெயித்த யாரோ ஒருவன். கைதட்டல் மண்டபத்தை விட்டு வெளியே வழிந்து, தொட்டி வரைக்கும் வந்தது.

பெண்ணின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. ஒரே ஒரு தடவை.

பிறகு அடுத்த டம்ளர்.

கூட்டத்தின் இரைச்சல் நெருங்கியபோது முதலாளி தட்டோடு வந்தார். கவிழ்த்து வைத்த டம்ளர்கள் வெயிலில் கண்ணைப் பறித்தன. அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து சன்னலில் இருந்த கட்டைத் தூக்கித் தன் ஸ்கூட்டரில் வைத்தார்.

கட்டினது கட்டினபடி.

பெண் எழுந்து முதுகை நிமிர்த்தினாள். விரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. புதுச்சேலையில் பாதி நனைந்துபோயிருந்தது.

"இன்னொரு ஆள் போடுத வரைக்கும் நாங்க முறை வச்சு வாரோம்க்கா. ஆள் போடச் சொல்லியும் கேப்போம். மறுபடி உக்காரணும்னா உக்காருவோம்."

சொல்லிவிட்டு மண்டபத்தைப் பார்த்து நடந்தாள். அங்கே நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். அந்த முதுகைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கினாள்.

இடது கை வந்தது. வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது.

தோள் சரியாகட்டும்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு கைதட்டு பாக்கி இருக்கிறது.