மூன்று கிளிகளும் ஒரு கிண்ணம் தண்ணீரும்

துறைமுகத்துப் பறவைக் கடையில் மூன்று கிளிகள் ஒரே கூண்டில் இருந்தன. ஆல்பர்ட் இங்கிலாந்துக் கப்பலில் வந்தவன். ஹெல்கா ஜெர்மன் கப்பலில் வந்தவள். ஸ்வென் வந்தது ஸ்வீடன் கப்பலில். அன்று அடித்த வெயிலில் மூன்றுக்கும் நாக்கு வறண்டுவிட்டது. கடைக்காரர் ஒரு கிண்ணம் தண்ணீரைக் கூண்டுக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

"வாங்க, டிரிங்க் பண்ணலாம்" என்றான் ஆல்பர்ட்.

ஹெல்கா வழிமறித்தாள். "அதென்ன அரைச்சொல்லு? 'டிரிங்கன்'னு முழுசாச் சொல்லு. நீங்கதான் அதோட வாலை வெட்டிட்டீங்க."

"வாலை விடு. நடுவுல அந்த 'ங்' எதுக்கு? மூக்காலயா பேசுறது? எங்க ஊர்ல 'டிரிக்கா'. கேட்கவே எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்றான் ஸ்வென்.

"மூணும் ஒரே வயித்துல பொறந்த சொல்லுதானே?" என்றான் ஆல்பர்ட்.

"அப்போ மூத்தது எது?" என்றாள் ஹெல்கா.

அவ்வளவுதான். இறகு பறக்க அடிதடி நடந்தது. அந்த நேரத்தில் ஓர் அணில் கம்பி வழியாக நுழைந்து தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு ஓடியது.

காலிக் கிண்ணத்தைப் பார்த்ததும் ஸ்வெனுக்கு அழுகையே வந்துவிட்டது. "அந்த அணில் எல்லாத்தையும் டிராக்!" என்றான்.

ஹெல்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "டிராக்கா? முடிஞ்சு போன காரியத்தையாவது ஒழுங்காச் சொல்லக் கூடாதா? டிராங்க்!"

"நானும் டிராங்க்னுதான் சொல்வேன்" என்றான் ஆல்பர்ட்.

"நீ சொல்றதுல அழுத்தம் பத்தாது" என்றாள் ஹெல்கா.