ஒற்றைக்கால் இருக்கை

பெல்ட்டை இழுத்து இடுப்பில் இறுக்கினாள். கொக்கி மூன்றாவது துளையில் மாட்டியது.

கையைப் பின்னால் விட்டு ஒரு தட்டு தட்டினாள். கால் இறங்கியது.

ஒரே ஒரு கால். மணலில் புதையாமலிருக்க நுனியில் உள்ளங்கையளவு வட்டத் தட்டு. மேலே ஒரு சாண் அகலத்துக்குக் கித்தான் இருக்கை. மற்ற இரண்டு கால்களும் அவளுடையவை.

மெல்ல உட்கார்ந்தாள்.

ஆடவில்லை. புதையவில்லை. தூத்துக்குடிக் கடல் நேர் எதிரே கிடந்தது.

"இதென்ன கோலம்?" என்றான் செல்வின். கணவன். மணலில் பெட்ஷீட் விரித்துக் காலை நீட்டியிருந்தான்.

அவளுக்கு உட்கார்ந்திருக்கும் சுகத்தில் வாய் திறக்க மனம் வரவில்லை.

அவளுக்கு வேலையே இதுதான். கூடாரமும் முதுகுப்பையும் தைக்கிற கம்பெனியில் மடக்கு நாற்காலிகளை வடிவமைக்கிறாள். பூங்காவுக்கு, கடற்கரைக்கு, அருவிக்கரைக்கு என்று ஊர் சுற்றுகிறவர்கள் தூக்கிக்கொண்டு போக. வாரத்தில் ஆறு நாளும் வெட்டுமேசை முன் நின்றே வேலை. முழங்கால் இரண்டும் போயே போய்விட்டன. மணலில் உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குத் தன் நாற்காலியைத் தானே கொண்டுவருவாள்.

கொண்டுவருவாள், அவ்வளவுதான். முழுசாகப் பத்து நிமிஷம் உட்கார்ந்ததில்லை.

முதல் நாற்காலியில் நாத்தனாரின் கணவர் உட்கார்ந்தார். வீட்டு மாப்பிள்ளை, கேட்கவா வேண்டும்! இரண்டாவதில் பக்கத்து வீட்டுப் பெண். வாயும் வயிறுமாக இருந்தாள், அதில் இவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூன்றாவதில் ஆறுமுகநேரிப் பெரிய மாமா, மாமனாரின் அண்ணன். உட்கார்ந்தார், மெச்சினார், மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அடேயப்பா, ஒரு தடவை காட்டியதும் மடக்கக் கற்றுக்கொண்டாரே என்று அந்த எரிச்சலிலும் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு முறையும் எழுப்பியது அத்தை. மாமியார். அதட்டல் எல்லாம் கிடையாது.

"எந்திரிம்மா, அவிய உக்காரட்டும்."

அவள் எழுந்துவிடுவாள். எழுந்த இடத்திலேயே நிற்பாள்.

நான்காவதை வரைய உட்கார்ந்தபோது அவளுக்கு ஒன்று தெளிவாகியிருந்தது. இதுவரை செய்த எல்லாவற்றிலும் ஒரே குறைதான். எழுந்தால் நாற்காலி அங்கேயே நின்றுவிடுகிறது.

முதலாளி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இடுப்புல கட்டிக்கிட்டு அலையவா? இத யாரும்மா வாங்குவா?"

"நின்னுக்கிட்டே இருக்கவங்க வாங்குவாங்க சார்."

அவர் சிரித்தார். சரி, ஒரே ஒரு சாம்பிள் செய்து பார் என்றார். நாளைக் காலையில் அதைக் காட்ட வேண்டும். இன்றைக்குக் கடற்கரையில் நின்று பிடிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

காற்று முகத்தில் அடித்தது. துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பல் நங்கூரம் போட்டிருந்தது. அதை ஆற அமரப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பெரிய மாமா வந்தார்.

வெள்ளை வேட்டி. கையில் மக்ரூன் பொட்டலம். கொண்டுபோன நாற்காலியைக் காணோம்.

"எந்திரிம்மா. பெரிய மாமா வந்திருக்காவ பாரு" என்றாள் சற்றுத் தள்ளி நின்றிருந்த அத்தை.

உடனே எழுந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "வாங்க மாமா" என்றாள்.

ஒற்றைக்கால் படக்கென்று மடங்கியது. இருக்கையும் அவளோடு எழுந்துகொண்டது.

வேட்டியை ஒதுக்கியபடி வந்த மாமா அவள் எழுந்த இடத்தைப் பார்த்தார். அங்கே மணல்தான் இருந்தது.

மூன்று பேரும் அவளுடைய பின்பக்கத்தையே பார்த்தார்கள். ஒரு அலை வந்து திரும்பிப் போனது.

அவள் கழற்றவில்லை. கொக்கியில் கைகூட வைக்கவில்லை.

செல்வின் எழுந்தான். பின்புறம் ஒட்டிய மணலைத் தட்டினான். பஜ்ஜிக்கடைப் பக்கம் போனான். போன வேகத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு திரும்பி வந்தான்.

இத்தனை வருஷமும் அந்தப் பஜ்ஜிக்கடை அங்கேதான் இருந்தது.

மாமா சாய்ந்து உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்து முதல் மக்ரூனை அவளிடம்தான் நீட்டினார். மனிதருக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை.

அவள் கையைப் பின்னால் விட்டுத் தட்டினாள்.

உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை.

அத்தை பக்கத்தில் வந்தாள். இன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று இவள் நிமிர்ந்து தயாரானாள். வருவது வரட்டும், எழுந்து கொடுப்பதாக இல்லை.

அத்தை குனிந்து பெல்ட்டை விரலால் நிரடினாள். ஜவுளிக்கடையில் புடவைத் தலைப்பைப் பார்ப்பது போலக் கித்தானைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மகன் காதில் விழாத குரலில் கேட்டாள்.

"இது எம்புட்டு இடுப்பு வரைக்கும் பத்தும்?"

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

கல்யாணமாகி வந்து பதினோரு வருஷம். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! அத்தை இந்தக் கடற்கரையில் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. பக்கத்திலேயே நின்றும் அது இன்றைக்குத்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

எழுந்தாள். கைப்பையைத் திறந்து அளவு டேப்பை எடுத்தாள்.

அத்தை சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

பிறகு இரண்டு கைகளையும் லேசாகத் தூக்கினாள்.