பதில் சொல்லும் கவுன்

வேளச்சேரி ஃபிளாட்டின் ஹாலில் பழைய நைட்டியோடு, தலையில் வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மிருதுளா. மெய்நிகர் மண்டபத்தில், கொழுந்தனின் ரிசப்ஷனில், அதே மிருதுளா ஊதா நிற கவுனில் ஜொலித்தாள். கவுனின் விரிப்பு மூன்று மேஜைகளை மறைத்தது. மேட்ச்சாக ஒரு தொப்பி, வண்டிச் சக்கரம் அளவுக்கு.

"இது தொப்பியாடி, பந்தலா?" என்று சிரித்தார் கணவனின் அத்தை கோமதி. "சரி, கல்யாணமாகி ஆறு வருஷமாச்சே. விசேஷம் ஏதாவது உண்டா?"

மிருதுளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கவுனோடு இலவசமாக வந்த 'உங்களுக்காக நானே பேசுகிறேன்' வசதியை ஆன் செய்துவிட்டு, ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் காபி போடப் போனாள். உறவுக்காரர்களைச் சந்தோஷப்படுத்த அதற்கு நன்றாகத் தெரியும் என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தார்கள்.

திரும்பி வந்து மாட்டியபோது திரையில் ஒரே வரி: 'மிருதுளா ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்.'

பக்கத்து அறையில் கணவன் பார்கவன் ஹெட்செட்டுக்குள் தேம்பிக்கொண்டிருந்தான். அவன் கை காற்றில் எதையோ மெல்லத் தடவியது.

"மூணு மாசமா? ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

மிருதுளா பதறிப்போய் அவன் ஹெட்செட்டைப் பிடுங்கினாள். "ஏங்க, அது கவுன் சொல்ற பொய்! நான் இங்க நிக்கிறேன்!"

பார்கவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அவள் வயிற்றைப் பார்த்தான்.

"தெரியும்," என்றான். ஹெட்செட்டை வாங்கி மறுபடி மாட்டிக்கொண்டான். "கொஞ்சம் சத்தம் போடாம இரு. அவளுக்குத் தலை சுத்துதாம்."