இழுவை இல்லாத தொடர்

என் வாழ்க்கை தொலைக்காட்சித் தொடராக வந்தால், தமிழிலேயே இழுவை இல்லாத முதல் தொடர் அதுவாகத்தான் இருக்கும். "ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்துவிட்டு, விஷயத்தைச் சொல்லாமல் வாரக்கணக்கில் வானத்தைப் பார்க்கிற ஆட்களுக்கு அதில் இடம் கிடையாது. பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் நின்று இதைத்தான் நண்பன் தீனாவுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன். ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போகிற கூட்டம் பைகளோடு சாலைவரை வழிந்து நிற்கிறது. சாயங்கால வெயில் திருச்சி பஸ்ஸின் கண்ணாடியில் பட்டு எங்கள் முகத்தில் அடிக்கிறது. "கொஞ்சம் மூடு மச்சான், உன் ரிசல்ட் வந்துகீது" என்று தீனா போனை நீட்டுகிறான். இருப்பது ஒரே அரியர், கணிதம். அதில் தேறினால்தான் மறைமலை நகர் கம்பெனியில் கிடைத்திருக்கிற வேலை நிலைக்கும். வெயில் படாமல் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்க்கிறேன். பாஸ்! தீனா போடுகிற கூச்சலில் பொரி விற்கிற அக்காவின் அளக்கிற படி கை தவறி விழுகிறது. "இன்னா தம்பி, லாட்டரி அட்ச்சிட்டியா?" "அதுக்கும் மேலக்கா!" என்கிறான் தீனா. அம்மாவுக்குப் போன் போடுகிறேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள். "இன்னாடா ஆச்சு? பாஸா?" பின்னால் குக்கர் விசில் கேட்கிறது. இங்கே அத்தனை பஸ்களும் ஒரே நேரத்தில் ஹாரன் அடிக்கின்றன. தொண்டையைச் செருமிக்கொள்கிறேன். "அம்மா... ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும்." "டேய், சொல்லித் தொலைடா!" நான் எதுவும் சொல்லாமல், மிக மெதுவாக, சூரியன் இருக்கும் பக்கம் திரும்புகிறேன்.