மன்னித்தவள்

வைரஸுக்குப் பயந்து மரிய ஜெசிந்தா இணையத்தில் நேராக நுழைவதில்லை. தினமும் மெய்நிகர் கணினிக்குள் அவளுடைய நகல் ஒன்று விழித்தெழும். கடிதங்களைத் திறக்கும், அழைப்புகளுக்குப் பதில் பேசும், மாலையில் அழிக்கப்படும். சுருக்கமான குறிப்பு மட்டும் அவளிடம் வந்துசேரும்.

அன்று குறிப்பில், ‘அண்ணன் அருள்தாசன். நாற்பது நிமிடம். சமாதானம்’ என்றிருந்தது.

அம்மாவின் அடக்கத்துக்கே வராதவன். பன்னிரண்டு வருடங்களாகப் பேச்சில்லை. பதறிப்போய் அவனை நேரடியாக அழைத்தாள்.

“அண்ணே, அன்னைக்கு ஏன் வரலன்னு இன்னொரு தடவ சொல்லேன்.”

“எல்லாத்தையும் அழுது கொட்டிட்டேனே, ஜெசி. நீயும் சேந்து அழுத, மன்னிச்சிட்டேன்னு சொன்ன. மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லம்மா.”

அழுதவளையும் மன்னித்தவளையும் ஆறு மணிக்கே அழித்தாகிவிட்டது. ஜெசிந்தாவின் நெஞ்சில் பழைய கசப்பு அப்படியே கிடந்தது.

“மனசு ஆறிடுச்சுல்ல?” என்றான் அண்ணன்.

“ஆறிடுச்சுண்ணே,” என்றாள்.