வாய் வைத்த தம்ளர்

ஜன்னல் வழியே காலை வெயில் நேசையனின் கழுத்தில் விழுகிறது. பக்கவாதம் வந்த பிறகும் உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதை விடாத மனிதர், இன்றும் புரையேறி இருமுகிறார். மனைவி ஏசம்மாள் பித்தளைத் தம்ளரைப் பிடுங்குகிறாள். "முழுங்கையில தொண்டச் சங்கு மேலேறி மூச்சுக்கொழாய மூடிருமாம். அண்ணாந்தா, மூடுமுன்ன தண்ணி உள்ள போயிரும்னு ராஜபாளையத்து டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாவல்லா? குனிஞ்சு, வாய் வச்சுக் குடிங்க." "ஏட்டி, தம்ளரு எச்சியாயிருமே." அவள் அதே தம்ளரில் வாய் வைத்து ஒரு மடக்கு உறிஞ்சிவிட்டு, பேசாமல் நீட்டுகிறாள். அவர் சிரிக்கிறார், வாயின் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது. தாடையைத் தாழ்த்தி, அவள் உதடு பட்ட இடத்திலேயே உதட்டை வைக்கிறார். நரைத்த தாடி முடிக்கடியில் தொண்டைச் சங்கு மெல்ல ஏறுகிறது, நிற்கிறது, இறங்குகிறது. இருமல் இல்லை. அப்புறம்தான் ஏசம்மாள் தன் வாயிலேயே நிறுத்தி வைத்திருந்த தண்ணீரை விழுங்குகிறாள்.