மடியில் கனம்

ஆரம்பாக்கம் போகும் ரயிலில் சுகிர்தாவின் மடியில் ஒரு சிவப்பு இரும்புச் சக்கரம் இருந்தது.

துப்பட்டாவால் மூடிப் பார்த்தாள். முழு நிலவைக் கைக்குட்டையால் மூடுவதுபோல் இருந்தது.

"இன்னாம்மா, ரயிலுக்கு ஸ்டியரிங் வாங்கினு போறியா?" என்றாள் பக்கத்தில் பூக்கூடையோடு நெருக்கி உட்கார்ந்திருந்த ரோசம்மாள்.

"இல்லக்கா, எங்க கம்பெனி வால்வோட வீலு. கழட்டினு வந்துட்டேன்."

பெட்டியே சிரித்தது. எதிரில் உட்கார்ந்திருந்த, அதே கம்பெனியின் ஃபிட்டர் துளசிராமன் மட்டும் சிரிக்கவில்லை. அவள் சொன்னது உண்மை என்று அவருக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டார்.

மதியம் மழை பிடித்ததுமே மேனேஜர் சுப்பராயனின் முகம் மலர்ந்துவிட்டது. கழிவுநீர்த் தொட்டி விளிம்பு தட்டி நின்றது. டேங்கர் லாரி வைத்துச் சுத்திகரிக்க அனுப்பினால் செலவு. இருட்டியதும் வால்வைத் திறந்து ஓடையில் விடு, மழையோடு மழையாகப் போய்விடும் என்றார்.

ஓடை ஏரிக்குப் போகிறது. ஏரித் தண்ணீரில்தான் போன வாரம் நட்ட நாற்றெல்லாம் நிற்கிறது.

முடியாது சார் என்றாள் சுகிர்தா. நீ திறக்காவிட்டால் இன்னொருத்தன் திறப்பான், நீ நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் அவர்.

"நமக்கு இன்னாத்துக்குப் பாப்பா இந்தப் பேஜாரு? பாக்காத மாதிரி போய்க்கினே இரு" என்று துளசிராமன் காதைக் கடித்தார். சங்கு ஊதினாலே திடுக்கிடுகிற மனிதர்.

சுகிர்தா அந்த இன்னொருத்தனைப் பற்றி யோசித்தாள். அவனாலும் திறக்க முடியாமல் போனால்?

சக்கரத்தின் நடுவில் ஒரே ஒரு நட்டு. தளர்ந்திருந்தது; கையாலேயே கழற்றினாள். மழைக்குப் பயந்து காவலாளி கூண்டைவிட்டு வெளியே வரவில்லை. குடைக்கடியில் சக்கரமும் அவளும் நடந்து வெளியேறினார்கள்.

இப்போது ரோசம்மாளின் சின்ன மகள் எட்டி அதைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினாள். தண்டவாளம் வளைந்தது. மழைக்குள் ஒரு கப்பலைப்போல ரயிலும் இடப்பக்கம் திரும்பியது. குழந்தைக்கு ஆச்சரியமே இல்லை.

போன் அடித்தது. சுப்பராயன்.

"வீல் எங்கம்மா?"

"என் மடியில சார். லாரி வந்து தொட்டி காலியானதும் மாட்டிடறேன்."

வேலை போயிற்று என்ற சொல்லுக்காகக் காத்திருந்தாள். ஆனால் அவர் குரல் அழுதுவிடும்போல இருந்தது.

"வீல் போனாப் போவுது, ரெஞ்சு வச்சித் திருப்பலாம்னா கம்பெனில ஒரு ரெஞ்சு கூட இல்ல! பக்கத்துக் கம்பெனில கேட்டா எதுக்குன்னு கேப்பான். அதையும் ஏம்மா தூக்கினு போன? லாரிக்குச் சொல்லிட்டேன், போதுமா? காலைல எல்லாத்தையும் எடுத்துனு ஒழுங்கா டூட்டிக்கு வா!"

சுகிர்தா எந்த ரெஞ்சையும் தொடவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். துளசிராமன் தன் சாப்பாட்டுப் பையை, திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைப் பிடித்திருப்பதுபோல, இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்திருந்தார்.

ரயில் குலுங்கியது. பைக்குள் இரும்போடு இரும்பு மோதிக் கணகணத்தது.

அவர் உடனே சத்தமாகக் குறட்டை விட ஆரம்பித்தார்.